வீட்டுக்கு என்று ஒரு டின்

கல்லிடைக்குறிச்சியில் சாய்கிருஷ்ணன் வீட்டு வாசலைத் தாண்டி உடைந்த முறுக்கு ஒன்று வெளியாள் கைக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணச் சீருக்குப் பட்சணம் செய்து கொடுக்கிற வீடு அது. கைமுறுக்கு, அதிரசம், லாடு, பருப்புத் தேங்காய் என்று சென்னைக்கும் பெங்களூருக்கும், அங்கிருந்து விமானம் ஏறி அமெரிக்காவுக்கும் போகும். சம்பந்தி வீட்டுக்குப் போகிற முறுக்கில் ஒரு சுற்று விண்டிருந்தாலும் அபசகுனம் என்பார்கள். அபசகுனமோ இல்லையோ, சம்பந்தி மாமிகளின் வாய் இருக்கிறதே, அது போதும். அதனால் எண்ணெயிலிருந்து எடுத்து ஆறவைத்த ஒவ்வொரு முறுக்கையும் சாய்கிருஷ்ணன் தன் கையாலேயே தூக்கிப் பார்ப்பார். முழுசு என்றால் பெட்டிக்கு. மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் கூடத்து மூலையில் இருக்கும் பெரிய தகர டின்னுக்கு. டின்னின் மேல் அவரே பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்: 'வீட்டுக்கு'.

டின்னில் விழுந்ததை விற்கவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். அரிசியும் வெண்ணெயும் போட்டுச் செய்ததை எறிய யாருக்கு மனசு வரும்? வீட்டு மனிதர்கள் தின்பார்கள். முறுக்குச் சுற்ற வருகிற பெண்களும் வீட்டு மனிதர்கள் கணக்குத்தான், சாயங்காலம் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். வெளியாள் வந்துவிட்டால் மட்டும் அந்த மூடி திறக்காது. அவர்களுக்குப் பெட்டியிலிருந்து முழு முறுக்குத்தான் வரும். இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தேசத்து விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

சாய்கிருஷ்ணனின் மனைவி பாகீரதி லேசுப்பட்டவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. முறுக்குச் சுற்ற மட்டும் வராது. கல்யாணமான புதிதில் முயன்று பார்த்தாள். அவள் சுற்றியதெல்லாம் நேராக டின்னுக்கே போனதும், கணவர் கையெடுத்துக் கும்பிட்டு அவளை மாடிக்கு அனுப்பிவிட்டார். மொட்டை மாடியில், ஊறவைத்த அரிசியை உலர்த்துகிற இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. கூரையைத் தள்ளினால் தண்டவாளத்தில் உருண்டு திறந்துகொள்ளும். உள்ளே ஒரு தொலைநோக்கியும் அதன் பின்னால் பொருத்திய கேமராவும். அதுதான் பாகீரதியின் சமையலறை.

அவள் பார்ப்பது இரட்டை நட்சத்திரங்களை. நம் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிகிற நட்சத்திரங்களில் எத்தனையோ உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற வழியில் ஒன்று மற்றதை நமக்கு மறைத்தால் வெளிச்சம் குறையும், விலகினால் பழையபடி ஏறும். எவ்வளவு குறைந்தது, எத்தனை நேரம் குறைந்தது என்று அளந்தால் அவற்றின் பருமனையும், கூட்டிக் கழித்து எடையையும் சொல்லிவிடலாம். நட்சத்திரத்தை எடை போட மனிதனுக்குக் கிடைத்த தராசு இது ஒன்றுதான் என்று பாகீரதி வகுப்பில் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

ஆனால் அவள் கைக்கு வந்த ஜோடி கொஞ்சம் வம்பு பிடித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மறைக்கும். மறைப்பு தொடங்கி முடிய இரண்டு நாள் ஆகும். எந்த ஊரில் ஐயா இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருட்டாக இருக்கிறது? அதனால் சிலி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஐந்து தேசத்துக்காரர்கள் கைகோர்த்தார்கள். ஒரு ஊரில் விடியும்போது மேற்கே இருக்கிற அடுத்த ஊர் கண்ணைத் திறக்க வேண்டும். முந்தினவர் விட்ட இடத்தில் பிந்தினவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பூமி பாட்டுக்குச் சுழலும். யாராவது ஒருவர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்தியாவில் திருநெல்வேலிச் சீமை எப்படி உள்ளே வந்தது என்றால், அந்த நட்சத்திரம் தென்வானத்தில் கிடக்கிறது. வடக்கே இருக்கிற பெரிய தொலைநோக்கிகளுக்கு அது அடிவானத்துப் புழுதியில் மங்கிப் போகும். நமக்கு நன்றாக மேலே வரும். ஆனாலும் வீட்டு மாடித் தொலைநோக்கியா என்று குழுவினர் இழுத்தார்கள். இரண்டு வருஷம், ஏற்கெனவே அளவு தெரிந்த நட்சத்திரங்களைக் கொடுத்து அளக்கச் சொல்லிச் சோதித்தார்கள். பாகீரதி சளைக்கவில்லை. கடைசியில் உலகப் படத்தில் ஐந்து புள்ளி வைத்துப் பெயர் எழுதியபோது, ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் 'திருநெல்வேலி' என்று இருந்தது. அதை அச்சடித்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியவர் சாய்கிருஷ்ணன். சீருக்குச் சொல்ல வருகிறவர்கள் முறுக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் படத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பங்குனி மாதத்தில் மறைப்பு வந்தது. ஆஸ்திரேலியாக்காரர்களுக்குப் புயல் மழை, வானமே இல்லை. ஆக நியூசிலாந்தில் விடிந்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் இன்னும் பொழுது இருட்டாத அந்தச் சின்ன இடைவெளியில், அந்த நட்சத்திரத்தைப் பார்க்க உலகத்திலேயே பாகீரதியின் மாடியை விட்டால் நாதியில்லை. அவளும் விடவில்லை. கேமரா படம் படமாக எடுத்துத் தள்ளியது. மறுநாள் காலையில் கல்லூரி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, அளவுகளைக் கோடாக வரைந்து பார்த்தாள். அழகாக இறங்கிக்கொண்டிருந்த கோட்டின் நடுவில் ஒரு பள்ளம். முக்கால் மணி நேரத்துக்கு ஏதோ விழுந்து எழுந்தாற்போல் அசிங்கமாக இருந்தது. மலைப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு மேகம் கடந்து போயிருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பள்ளத்தில் இருந்த படங்களை எல்லாம் பிரித்துத் தனியே ஒரு கோப்புறையில் போட்டாள். மீதி வழவழவென்று இருந்தது. அதை அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

பிரித்த படங்களைப் போட்ட கோப்புறைக்கு அவள் என்ன பெயர் வைத்தாள் தெரியுமா? 'வீட்டுக்கு'. யோசித்து வைத்ததில்லை. இருபது வருஷம் அந்தக் கூடத்தில் புழங்கிய கை தானாக வைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் தென்னாப்பிரிக்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் நோம்சா, ஐந்து நிலையத்து வேலையையும் சேர்த்துக் கோர்க்கிற தலைவி. கண்டிப்பானவள், ஒரு சொல் அதிகமாக எழுதமாட்டாள். திருநெல்வேலியின் கோடு நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது, நடுவில் முக்கால் மணி நேரம் அளவே இல்லை என்று எழுதியிருந்தாள். மேகமா, கருவிக் கோளாறா, அல்லது எதையாவது நீக்கினீர்களா? நீக்கியிருந்தால் ஏன்? எடுத்ததை எடுத்தபடி அனுப்ப வேண்டும் என்பது நம் முதல் விதி, அதை மீறிய நிலையத்தின் அளவுகளைக் கட்டுரையில் சேர்க்க முடியாது என்றும் நினைவூட்டியிருந்தாள். கடிதம் ஐந்து நிலையத்துக்கும் போயிருந்தது.

அந்த விதியைப் பாகீரதியும் படித்துக் கையெழுத்துப் போட்டவள்தான். உள்ளதை மறைக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டாளே தவிர, கெட்டுப்போனதையும் சேர்த்து அடுத்தவர் தட்டில் வை என்று அர்த்தம் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படி இறங்கிக் கூடத்துக்கு வந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கும் தேன்மொழி நிமிர்ந்து பார்த்து, "என்ன மாமி, மொகம் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்றாள். பாகீரதி நேரே கணவரிடம் போனாள். ஆறின முறுக்குகளைச் சாய்கிருஷ்ணன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பெட்டியில் வைத்தார். அடுத்ததில் விரிசல், டின்னில் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் தான் செய்த காரியம் அவளுக்கு முழுசாக விளங்கியது.

விஷயத்தைக் கேட்ட சாய்கிருஷ்ணனுக்கு நோம்சா மேல்தான் கோபம் வந்தது. உடைஞ்சதை யாராவது வெளியில அனுப்புவாளா, மரியாதை தெரிஞ்சவா செய்யற காரியம்தானே நீ பண்ணினது என்று மனைவிக்கு வக்காலத்து வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். மேகம் வந்தது, படமே எடுக்கவில்லை என்று எழுதிவிடலாம். மேகத்தை யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? கோடும் நிற்கும், கூடத்துப் படமும் நிற்கும்.

பாகீரதி மூலையில் இருந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. பொய் சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

"ஏன்னா, மேகம்னு எழுதினா அந்த எடத்துல ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும்" என்றாள் கடைசியில். "நிஜமாவே அங்க ஏதாவது இருந்ததுன்னா? அந்த நேரத்துல அதைப் பாத்தது நான் ஒருத்திதானே."

"இல்லாட்டா? உன் பேரை எடுத்துடுவா."

"எடுத்தா எடுக்கட்டும். திருநெல்வேலி பொய் சொல்லித்துன்னு இருக்கப்படாது."

மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். நீக்கினேன், கெட்ட அளவு என்று நானே முடிவு செய்தேன், தப்பு என்னுடையது, நீக்கியது எல்லாம் இதோ என்று எழுதி, 'வீட்டுக்கு' கோப்புறையை அப்படியே அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தாள். அதே படங்களில் பக்கத்தில் இருந்த நட்சத்திரங்களை அளந்தாள். மேகம் என்றால் எல்லாம் சேர்ந்து மங்க வேண்டும் இல்லையா? பக்கத்து நட்சத்திரங்கள் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தன. மங்கியது அந்த ஜோடி மட்டும்தான். பாகீரதி இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். அதையும் எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து நிலையத்தாரும் திரையில் கூடினார்கள். மாடி அறையில் சூடு தாங்காமல் பாகீரதி மடிக்கணினியைக் கூடத்துக்கே கொண்டுவந்து பெஞ்சில் வைத்துக்கொண்டாள். பின்னால் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. சாய்கிருஷ்ணன் உதட்டில் விரல் வைத்துப் பெண்களை அடக்கிவிட்டுத் தானே மூன்று தடவை இருமினார். திட்டு வாங்கத் தயாராக அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

நோம்சா திட்டவில்லை. ஒரு கோட்டைத் திரையில் போட்டாள். நியூசிலாந்தின் கோடு அது, விடியும்போது கடைசியில் லேசாகக் கீழே வளைந்திருந்தது. நியூசிலாந்துக்காரர் ராபின் தாடியைத் தடவிக்கொண்டு, வானம் வெளுக்கிற கோளாறு என்று நினைத்து அந்தக் கடைசிப் புள்ளிகளைத் தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். "இப்போது பாருங்கள்" என்று நோம்சா பாகீரதியின் பள்ளத்தைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தாள். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. ராபின் விட்ட இடத்தில் பாகீரதி பிடித்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், தாமிரபரணிக்கரையில் ஒருத்தி, இருவர் அளந்ததும் ஒரே இறக்கம்.

அப்புறம் நோம்சாதான் சொன்னாள். அந்த ஜோடிக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுற்றிவருகிற சின்னதாக இன்னொன்று. இத்தனை வருஷமாக இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், மூன்று.

முதல் நட்சத்திரத்தைக் கடந்தது என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவதையும் கடந்திருக்க வேண்டும். அப்போது பார்த்துக்கொண்டிருந்தது சிலி. சிலிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுடைய பெரிய தொலைநோக்கியில் ஒழுங்கில்லாத அளவுகளைக் கணினியே கழித்து அழித்துவிடுமாம். இருந்திருக்கும், இப்போது இல்லை என்றார். கழிப்பது எல்லோரும் செய்கிற காரியம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கழித்ததை வைத்திருந்தது ஒரே ஒரு நிலையம்.

நோம்சா முதல் தடவையாகச் சிரித்தாள். வேண்டாம் என்று ஒதுக்கியதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தாய், அந்தக் கோப்புறையின் மேல் எழுதியிருக்கிறதே, அது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்டாள். பாகீரதிக்கு வெட்கமாகிவிட்டது. மடிக்கணினியை மெல்லத் திருப்பினாள். முறுக்குச் சுற்றுகிற பெண்களையும், முழுசு அடுக்கிய பெட்டிகளையும், மூலையில் இருந்த டின்னையும் காட்டினாள். டின்னுக்குப் பக்கத்தில் சாய்கிருஷ்ணன் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். உடைந்தது விருந்தாளிக்குப் போகாது, ஆனால் எறியவும் மாட்டோம், அது வீட்டு மனிதர்களுக்கு என்று பாகீரதி இங்கிலீஷில் விளக்கி முடிக்கும்போது ஐந்து தேசமும் சிரித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் நோம்சா நோம்சாதான். "இனிமேல் எங்களை விருந்தாளியாக நடத்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தை முடித்தாள்.

திரை அணைந்ததும் தேன்மொழி மாவுக் கையோடு எழுந்து வந்தாள். "மாமி, அந்த மூணாவதை மொதல்ல பாத்தது நம்ம மாடியா? மெய்யாத்தான் சொல்லுதீயளா?" என்றாள்.

"நம்ம மாடிதான்" என்றாள் பாகீரதி. சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கட்டுரை வந்தது. ஐந்து நிலையத்தார் பெயர்களும் இருந்தன, பாகீரதியின் பெயருக்கு நேரே திருநெல்வேலி இருந்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள். சாய்கிருஷ்ணன் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும், நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அது இரண்டில்லை, மூன்று என்று அடித்துப் பேசினார்கள்.

அடுத்த மறைப்பு வந்தபோது பாகீரதி ஐந்து நிலையத்துக்கும் பொதுவான சேமிப்பைத் திறந்தாள். சிலியின் அளவுகளுக்குள் போனாள். படங்கள், அளவுகள், அதற்குக் கீழே ஒரு கோப்புறை. தமிழ் எழுத்தில் 'வீட்டுக்கு' என்று இருந்தது. நியூசிலாந்திலும் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும். கழித்ததை இனி யாரும் அழிக்கக் கூடாது, அதற்கென்று வைத்த இடத்தில் போட வேண்டும் என்று நோம்சா புது விதி போட்டிருந்தாள். இடத்தின் பெயரை அவளே எழுத்து எழுத்தாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பாகீரதி சத்தம் போட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேசத்துக்குள்ளும் போகச் சொல்லி, தான் பெயின்டால் எழுதிய சொல்லை நான்கு தடவை படித்தார். பிறகு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கூடத்தில் நான்கு சின்ன டின்கள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டுக்கு அனுப்புகிற நல்ல டின்கள். சாய்கிருஷ்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவற்றில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். பாகீரதி கிட்டே போய்ப் பார்த்துத் திடுக்கிட்டாள். பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. மூலையில் இருந்த பெரிய டின்னின் மூடி திறந்து கிடந்தது. விரிசல் விட்டது, விண்டது, பாதியாய்ப் போனது எல்லாவற்றையும் பூ மாதிரி எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தேன்மொழியும் மற்றப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்னா, உடைஞ்சதையா அனுப்பறேள்?"

"உடைஞ்சதைத்தான்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே. "முழுசெல்லாம் விருந்தாளிக்குத்தானே. இவா நம்மாத்து மனுஷா."

கடைசி டின்னையும் மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பாவைத் திறந்தார். நான்கு டின்னின் மேலும் ஒரே சொல்லை எழுதினார். அது காய்கிறவரைக்கும் தேன்மொழி விசிறிக்கொண்டிருந்தாள்.